எதிர்ச்சுவரின் பச்சை

மார்ச் 3, திங்கள்

காலையில் நிறம் பார்க்க இரண்டு பேர். முதலாமவர் கோடை, இரண்டாமவர் வசந்தம். வசந்தம் என்று சொன்னதும் அந்த அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. வக்கீலாம், அலமாரி முழுக்கக் கறுப்பு. "தொழிலுக்குக் கறுப்புதானே போட்டாகணும்?" என்றார். கழுத்தருகே மட்டும் இளம் பீச் நிறத்தில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். திருப்தியில்லாமல்தான் போனார்.

மதியம் வடிவமைப்புப் பள்ளியின் முதல்வர் போன் செய்தார். ஜூனில் புதிய வகுப்பு தொடங்குகிறார்கள்: ஆளுக்கேற்ற நிறம் பார்ப்பது. இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் அந்த வேலையைச் செய்கிறவள் என்பதால் நான்தான் நடத்த வேண்டுமாம். அதற்கு முன்னால் பாடப்புத்தகத்துக்கு ஆறு பக்கம். மனிதர்களை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் யோசனை எங்கே பிறந்தது, யார் வளர்த்தது என்று. "சுவாரசியமா எழுதுங்க. நீளமா மட்டும் வேண்டாம்." சரி என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மாலையில் அக்கா. தக்காளி விலை சொல்கிற குரலில், ஏப்ரல் 24 அன்று பதிவு அலுவலகத்தில் அவளுக்கும் சர்வேயருக்கும் கல்யாணம் என்றாள். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு. அத்தான் போய் ஆறு வருடம். சர்வேயர் ஓய்வுபெற்ற நில அளவையாளர், ஒரு வருடமாக அவளோடு பூங்காவில் நடக்கிறவர். எனக்கு ஆச்சரியமில்லை. சந்தோஷம்தான். சந்தோஷம் என்று போனில் சொன்னேனா? நினைவில்லை.

"என்ன கலர் போடட்டும், சொல்லு. நீ சொல்றதைத் தைக்கக் குடுத்துடறேன்."

"நீ குளிர். நீலம், சாம்பல், ரோஸ், அதுல எது வேணா எடு."

அக்கா குளிர். என் பதிவேட்டில் முதல் பெயரே அவளுடையதுதான், நான் நிறம் எழுதிக் கொடுத்த முதல் அட்டையும்.

மார்ச் 5, புதன்

பஸ்ஸில் எதிரே ஆறு பேர். இரண்டு இலையுதிர், ஒரு கோடை, மூன்று குளிர். டிரைவர் முகம் தெரியவில்லை. இந்தப் பழக்கத்தை விடவே முடிவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவும் சர்வேயரும் சாப்பிட வந்தார்கள். மனிதர் உள்ளே நுழைந்ததும் என் வேலை அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பதினாலுக்குப் பதினொண்ணு" என்றார். டேப் வைத்து அளந்தேன். பதினாலுக்குப் பதினொண்ணேகால். அக்கா பெருமையோடு சிரித்தாள்.

துணிகளைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மொத்தம் நாற்பத்தெட்டு, பருவத்துக்குப் பன்னிரண்டு. வருகிறவரை வடக்கு ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தலைமுடியைச் சாம்பல் நிறத் தொப்பிக்குள் மறைத்து, உடம்பை வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, ஒவ்வொரு நிறமாகக் கழுத்தடியில் போட்டுப் பார்ப்பேன். ஒத்துவராத நிறம் கண்ணடிக் கருவளையத்தைக் கூட்டிக் காட்டும். ஒத்துவருகிற நிறம் போட்டால் துணி மறைந்து முகம் முன்னால் வரும். வெதுவெதுப்பான நிறங்கள் ஒத்துவந்தால் வசந்தம் அல்லது இலையுதிர். குளிர்ந்த நிறங்கள் என்றால் கோடை அல்லது குளிர். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

சர்வேயர் இலையுதிர் அடுக்கிலிருந்து கடுகு மஞ்சளை எடுத்து அக்காவின் பக்கம் நீட்டினார்.

"இது நல்லா இருக்குமே உங்களுக்கு?"

அக்கா துணியைத் தொடாமல் பின்னால் நகர்ந்தாள். "மஞ்சள் எனக்கு ஆகாது. இவ பாத்துச் சொல்லிட்டா."

"எப்ப?"

"இருபத்தாறு வருஷம் ஆச்சு."

ஒரு வாடிக்கையாளர் இத்தனை காலம் சொன்னபடி நடந்தால் பெருமையாக இருக்காதா? எனக்கு இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 12, புதன்

முதல் பக்கம் முடிந்தது. கதை ஓவியர்களிடம் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் நூறு வருடம் முன்னால், ஒரு பெரிய நெசவாலையின் சாயச்சாலையில் தொடங்குகிறது.

கறுப்பு நூல் சரியில்லை, மங்கலாக இருக்கிறது என்று புகார் வருகிறது. சாயச்சாலையைக் கவனித்துவந்த வேதியியலாளர் நூலை எடுத்துச் சோதிக்கிறார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கறுப்பை எந்த நிறத்துக்குப் பக்கத்தில் வைத்து நெய்தார்களோ, அந்த நிறம்தான் கறுப்பைக் கெடுத்திருக்கிறது. நிறம் தனியாக இருப்பதில்லை, பக்கத்தில் இருப்பதைப் பொறுத்தே கண்ணுக்குத் தெரிகிறது என்று பெரிய புத்தகமே எழுதினார். அதிலேயே எந்த மேனிக்கு எந்த நிற உடை, எந்த நிறத் தொப்பி என்றும் சொல்லியிருக்கிறார். என் தொழிலின் மூத்த பாட்டன் அவர்தான்.

"குற்றம் நூலில் இல்லை, பக்கத்தில் இருந்ததில்" என்று எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். மாணவர்களுக்குப் பிடிக்கும்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாம் பக்கம். சுமார் நூறு வருடத்துக்கு முன் ஓர் ஓவிய ஆசிரியர். எந்தெந்த நிறங்கள் ஒன்றுக்கொன்று இசையும் என்று வகுப்பில் அவரே சொல்லி, அதன்படி தீட்டச் சொல்கிறார். இருபது நிமிடத்தில் வகுப்பில் முணுமுணுப்பு. இது இசையவே இல்லை, கண்ணை உறுத்துகிறது என்கிறார்கள். கோபித்துக்கொள்ளவில்லை மனிதர். சரி, உங்களுக்கு எது இசைவாகத் தோன்றுகிறதோ அதைத் தீட்டுங்கள் என்று விட்டுவிடுகிறார்.

தீட்டிய தாள்களை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆனால் ஒவ்வொரு தாளும் தீட்டியவரின் சாயலில் இருந்ததாம். வெளிர் முடிக்காரி வெளிர் நிறங்கள், கறுத்த அடர்ந்த தலைக்காரர் அடர்ந்த நிறங்கள். எந்தத் தாள் யாருடையது என்று பெயர் பார்க்காமலே சொல்ல முடிந்தது என்கிறார்கள். மனிதரின் மேனிக்கும் நிறத்துக்கும் உறவு உண்டு என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. நிறங்களைப் பருவங்களோடு சேர்த்துச் சொன்னதும் அவர்தான்.

ஒன்று கவனித்தேன். அவர் யாரிடமும் நீ இதைப் போடு, அதைப் போடாதே என்று சொல்லவில்லை. அவர்களிடமே கேட்டார்.

மார்ச் 17, திங்கள்

மூன்றும் நான்கும். ஆசிரியரின் யோசனை உடைத் தையலுக்கும் முகப்பூச்சுக்கும் கைமாறிய கதை. கேட்பது நின்று சொல்வது தொடங்கியது இங்கேதான். நாற்பது, நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் அது வீட்டுக் கூடங்களுக்கு வந்துவிட்டது. பத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து, தோளில் துணி போட்டுப் பார்த்து, நீ கோடை, நான் வசந்தம். விளக்கப் புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றன.

நான் படித்ததும் அப்படி வந்த ஒரு புத்தகம்தான். கறுப்பு முடி, கறுப்புக் கண் என்றால் பெரும்பாலும் குளிர் என்று அதில் ஒரு வரி. வெளிர் முடிக்காரர்களை மூன்றாகப் பங்குபோட்டுவிட்டு, உலகத்தின் மிச்சப் பேர் அத்தனையையும் நான்காவது அறையில் அடைத்துவைத்த வரி. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். நானும் திருத்திக்கொண்டேன், கொஞ்சம் தாமதமாக.

மார்ச் 20, வியாழன்

முதல்வர் படம் கேட்டிருந்தார். "உங்க முதல் நாள் போட்டோ ஏதாவது இருக்குமா? பிள்ளைங்களுக்கு உற்சாகமா இருக்கும்."

இருந்தது. அப்போது நான் வாடகைக்கு எடுத்திருந்த அறை, வீட்டுக்கார அம்மா எடுத்த படம். அக்கா நாற்காலியில், உடம்பெல்லாம் வெள்ளைத் துணி. பின்னால் நான், இருபத்தைந்து வயது, உலகத்தையே கரைத்துக் குடித்தவள் மாதிரி முகம். வலது பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடம், நகர நீச்சல்குளம். அந்த வருடம்தான் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

பச்சை. மேல்மாடி வரை ஒரே பச்சை, மாலை வெயில் முழுசாக அதன் மேல்.

அக்காவின் மேல் கிடக்கும் வெள்ளைத் துணியும் பச்சையாக இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

பழைய படம். ஃபிலிம் கோளாறாக இருக்கலாம்.

மார்ச் 22, சனி

ஃபிலிம் கோளாறு இல்லை. படத்தின் இடது ஓரத்தில், ஜன்னல் வெளிச்சம் எட்டாத கதவில், ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. அது வெள்ளையாகவே இருக்கிறது. ஜன்னலைப் பார்த்த பக்கம் மட்டும்தான் பச்சை: துணி, அக்காவின் கன்னம், என் சட்டைக் கை.

பதிவேட்டை எடுத்தேன். அந்த அறையில் இருந்தது ஏழு வாரம். வந்தவர்கள் முப்பத்தெட்டு பேர். எல்லோருக்கும் மாலை நேரம்தான், காலையில் எனக்கு வேறு வேலை இருந்தது. முப்பத்தெட்டில் குளிர் முப்பத்தொன்று, கோடை ஏழு. வசந்தம் ஒன்றுகூட இல்லை. இலையுதிர் ஒன்றுகூட இல்லை.

பிறகு இந்த வடக்கு ஜன்னல் அறைக்கு வந்தேன். முதல் மாதம் இருபது பேர். அதில் ஒன்பது பேர் வசந்தமோ இலையுதிரோ.

இந்த வித்தியாசம் அப்போதே என் கண்ணில் படாமல் இல்லை. பக்க ஓரத்தில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன்: "கண் தேறிவிட்டது."

கண் தேறிவிட்டதாம்! சுவரிலிருந்து வந்த பச்சை எல்லோர் முகத்திலும் ஏறியிருக்கிறது. அதன்மேல் மஞ்சளையோ ஆரஞ்சையோ போட்டால் எந்த முகமும் காமாலை வந்த மாதிரிதான் தெரியும். நீலத்தையும் ரோஸையும் போட்டால் பளிச்சென்று ஆகும். புத்தகம் வேறு கறுப்பு முடி என்றால் குளிர் என்றுவிட்டது. சந்தேகப்பட ஓர் இடம்கூட இல்லை. சந்தேகப்படவும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

பழைய தெருவுக்குப் போனேன். என் அறை இப்போது காது கேட்கும் கருவி விற்கிற கடை. நீச்சல்குளம் இருக்கிறது, சுவர் சாம்பலாகிவிட்டது. மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் பெயின்ட் உரிந்திருந்த இடத்தில் நகத்தால் சுரண்டினேன். சாம்பல், அதற்கடியில் கிரீம், அதற்கடியில் பச்சை. வழியில் போனவர் ஒருவர் நின்று பார்த்தார். ஐம்பத்தொரு வயதுப் பெண் சுவரைச் சுரண்டினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்.

நகமளவு துண்டு ஒன்று கிடைத்தது. இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அதே பச்சையைக் கலந்து, பெரிய அட்டையில் பூசி, வெயில் படும்படி பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே சாய்த்துவைத்து, என்மேலேயே சோதித்தேன். நான் இலையுதிர், கடுகு மஞ்சள் எனக்கு நன்றாகவே ஒத்துவரும். கண்ணாடியில் பார்த்தால் மூன்று நாள் பட்டினி கிடந்தவள். அட்டையை எடுத்ததும் முகம் திரும்பி வந்தது. வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். ஏழெட்டு தடவை செய்திருப்பேன்.

மார்ச் 25, செவ்வாய்

சொல்ல வேண்டுமா?

இன்னும் ஒரு மாதத்தில் கல்யாணம். சாம்பல் நீலத்தில் கோட்டு தைக்கக் கொடுத்தாயிற்று என்று நேற்று சொன்னாள். சந்தோஷமாக இருக்கிறாள். நிறம்தானே, உயிரா போகிறது? ஒருவர் இருபத்தாறு வருடம் மஞ்சள் போடவில்லை என்றால் என்ன நஷ்டம்?

அவளிடம் ஒரு மழைக்கோட்டு இருந்தது. கடுகு மஞ்சள், முதல் சம்பளத்தில் வாங்கியது. தெருமுனையில் திரும்பும்போதே அக்கா வருகிறாள் என்று தெரிந்துவிடும். நான் அட்டை எழுதிய அடுத்த வாரமே அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 27, வியாழன்

முப்பத்தெட்டு பேரில் அக்கா போக ஒன்பது பேரின் எண்தான் இன்னும் வேலை செய்கிறது. ஏழு பேர் எடுக்கவில்லை. ஒருவர் இறந்துவிட்டார். மிச்சம் பேக்கரிக்காரம்மா. அட்டை எண் பதினாறு.

"நான் உங்களுக்கு நிறம் பார்த்துச் சொன்னேன், குளிர்ந்த நிறம்தான் போடணும்னு. ஞாபகம் இருக்கா?"

"நிறமா? எந்த நிறம்?"

விளக்கினேன். அந்தப் பக்கம் அடுப்புச் சத்தம், யாரையோ தட்டை எடுக்கச் சொல்லும் குரல்.

"அட, அதுவா! நீங்க சொன்னதைப் படியிறங்கறதுக்குள்ள மறந்துட்டேனே. இப்பகூட ஆரஞ்சுதான் போட்டிருக்கேன். ஏம்மா, ஏதாவது வியாதியா?"

இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அரைமணி நேரம் சிரித்தேன். எல்லோரும் இப்படி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சொன்னதைக் கேட்டுத் தொலைத்தது அக்கா ஒருத்தி.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னேன். படத்தைக் காட்டினேன், பச்சைத் துண்டைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "அந்த நீச்சல்குளத்துச் சுவரா? அது பாசி மாதிரி இருக்கும்" என்று சிரித்தாள்கூட. சரி, இனி சரியான வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று உட்காரவைத்தேன்.

ஒவ்வொன்றாகப் போட்டேன். ரோஸ், சுமார். சாம்பல் நீலம், சுமாருக்கும் கீழே. செங்கல் நிறம், முகம் தெளிந்தது. கடுகு மஞ்சள் போட்டதும் பத்து வயது குறைந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அப்படியே அந்த மழைக்கோட்டு அக்கா. இலையுதிர். ஒரு துளி சந்தேகம் இல்லை. எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரியும்.

"பாரு" என்றேன்.

வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தாள்.

"பிடிக்கலைடி."

"என்னக்கா சொல்றே, எவ்வளவு நல்லா—"

"நல்லாத்தான் இருக்கு. நான் இல்லைன்னு சொல்லலையே. எனக்கு இப்ப பிடிக்கலை. யாரோ உட்கார்ந்திருக்கா."

துணியை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை. அத்தானுக்கு அந்தக் கோட்டு ஆகாதாம். பளபளவென்று தெருவில் காட்டிக்கொண்டு போகிறாய் என்பாராம். மூன்று வருடம் அதற்காகவே சண்டை. அவளும் விடவில்லை. மழை இல்லாத நாளிலும் வேண்டுமென்றே போட்டுக்கொண்டு போவாளாம். எனக்கு இதில் எதுவும் தெரியாது.

"அந்த வீட்ல எல்லாம் அவர் சொன்னபடிதான். சாப்பாடு, சாமான், யார் வரலாம், யார் வரக்கூடாது, எல்லாம். அது ஒண்ணுதான் என் பக்கம் இருந்துச்சு. நீ அட்டையில எழுதிக் குடுத்தே இல்ல? அவர் அதைப் படிச்சிட்டு, 'பாத்தியா, உன் தங்கச்சியே சொல்லிட்டா'ன்னாரு. எனக்கு அப்புறம் சொல்ல என்ன இருந்துச்சு?"

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ சொன்னது சரின்னு நெனச்சேன்டி. சரின்னா ஒத்துக்கத்தானே வேணும்? அதுக்கப்புறம் அவர்கிட்ட நான் எதுக்கும் சண்டை போடலை."

மன்னிச்சுக்கோ என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா என்று புரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள், சமைத்தது எல்லாம் அப்படியே இருக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும் என்று இதோடு எத்தனை தடவை கேட்டுவிட்டேன். தெரிந்திருக்கலாமே! ஜன்னலைத் திரும்பிப் பார்த்திருந்தாலே போதுமே!

ஏப்ரல் 1, செவ்வாய்

போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ஆறு பக்கம் எழுதி முடித்து ஏழாவதாக ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். பச்சைச் சுவர், முப்பத்தெட்டு பேர், "கண் தேறிவிட்டது" எல்லாம். முதல்வர் ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"ஆறும் பிரமாதம். ஏழு வேண்டாமே? நீங்கதான் வகுப்பு எடுக்கப்போறீங்க. டீச்சரே தப்பாப் பாத்தாங்கன்னு முதல் பாடத்துல இருந்தா எப்படி?"

"ஏழு இல்லைன்னா ஆறும் வேண்டாம்."

இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். வகுப்பு கிடைக்காமல் போகலாம். போகட்டும். வக்கீலம்மாவுக்குப் பீச் நிறம் சொல்லியே மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சர்வேயர் தனியாக வந்தார். வாசலிலேயே நின்றார்.

"கோவமா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"கோவம்னு சொல்ல முடியாதும்மா. பழைய கணக்கையெல்லாம் திரும்ப அளந்துகிட்டு இருக்காங்க. எங்க தொழில்ல அப்படித்தான். முதல் கல்லு தப்பா நட்டிருந்தா அதுக்கப்புறம் உள்ள எல்லாத்தையும் திரும்ப அளக்கணும். நாளாகும்."

அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். எனக்குத்தான் அது தேற்றல் மாதிரிக் கேட்கவில்லை. முதல் கல் என்னுடையது.

போகும்போது, "நானும் அவங்களை இதைப் போடு அதைப் போடுன்னு சொல்ல மாட்டேன்" என்றார். எதற்கு என்னிடம் சொன்னார் என்று புரிந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

அக்கா வந்தாள். முன்னறிவிப்பு இல்லாமல், குடையோடு. டீ குடித்தாள். தையல்காரர் கோட்டில் தோள்பட்டையைக் கோணலாக வைத்துவிட்டார் என்று பத்து நிமிடம் திட்டினாள். மார்ச் 30 பற்றி அவளும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை.

டீ ஆறுவதற்குள் ஒரு காரியம் செய்தேன். நாற்பத்தெட்டு துணியையும் பெட்டியிலிருந்து எடுத்து, பருவம் கிருவம் எல்லாவற்றையும் கலந்து, மேஜைமேல் குவித்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவற்றை நான் கலந்ததில்லை. கண்ணாடியைத் திருப்பி சுவரைப் பார்க்க வைத்தேன்.

"என்னடி இது?"

"ஒண்ணும் இல்ல. நான் கடைக்குப் போயிட்டு வரேன். ஒரு மணி நேரம் ஆகும். உனக்குத் தோணினா பாரு. தோணலைன்னா டீவி பாரு."

கடையில் வாங்க ஒன்றுமில்லை. இரண்டு தெரு சுற்றினேன், கதவுப் பூட்டு விற்கும் கடையில் பூட்டுகளைப் பார்த்தேன். திரும்பியபோது அவள் போயிருந்தாள். துணிகள் எல்லாம் அழகாக மடித்து ஒரே அடுக்காக இருந்தன. கண்ணாடி இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருந்தது.

ஏப்ரல் 12, சனி

காலையில் வந்த வாடிக்கையாளருக்காகத் துணிகளைத் திரும்பவும் பருவவாரியாகப் பிரித்தேன். இலையுதிரில் பதினொன்று. திரும்ப எண்ணினேன், பதினொன்று. கடுகு மஞ்சள் இல்லை. மேஜைக்கடியில் பார்த்தேன், நாற்காலிக்குப் பின்னால் பார்த்தேன்.

கேட்கப்போவதில்லை.

ஏப்ரல் 16, புதன்

முதல்வர்: ஏழு பக்கமும் அச்சாகிறது. "படிச்ச ரெண்டு டீச்சர் ஏழாவதைத்தான் முதல்ல படிச்சாங்க" என்றார். குரலில் கொஞ்சம் கடுப்பு. இருக்கட்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

பதிவு அலுவலகம். இரண்டாம் மாடி, வரிசையாக நாற்காலி, வெளிறிய ட்யூப்லைட். நிறம் பார்க்கத் தகுதியே இல்லாத வெளிச்சம். எங்களுக்கு முன்னால் இருபது வயது ஜோடி ஒன்று, பெண் விடாமல் தும்மிக்கொண்டிருந்தாள். சர்வேயர் பழுப்பு கோட்டு. அக்கா சாம்பல் நீலக் கோட்டு.

சாம்பல் நீலம்தான். அவளைப் பார்த்ததும் என் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. முகத்தை வெளுக்கிறது, கழுத்தில் வேறு ஏதாவது போட்டிருக்கலாம். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். கண்ணில் குறும்பு.

"சொல்லேன்" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

பெயரைக் கூப்பிட்டார்கள். எழுத்தர் பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட அக்கா கையை நீட்டியபோது கோட்டுக் கை மேலே ஏறியது, உள்ளே மஞ்சள். கடுகு மஞ்சள். கைக்கு உள்துணியாக, மணிக்கட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த வரை, ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்திருந்தது. முகத்துக்குப் பக்கத்தில் இல்லை, யார் பார்க்கவும் இல்லை. அவள் கையை நீட்டினால் அவளுக்குத் தெரியும்.

நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். சாட்சி கையெழுத்து நான். பேனாவை என்னிடம் கொடுக்கும்போது என் காதருகே குனிந்தாள்.

"துணி திரும்ப வராது."

தலையாட்டினேன். எழுத்தருக்கு முன்னால் அழக்கூடாது என்று முடிவுசெய்து வைத்திருந்தேன். முடியவில்லை. தும்மின பெண் எனக்கு ஒரு காகிதக் கைக்குட்டை கொடுத்தாள்.

ஜூன் 9, திங்கள்

முதல் வகுப்பு. பதினெட்டு பேர். துணிகளை மேஜைமேல் கலந்து குவித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். எழுந்து போய்ப் பார்த்தார்கள். அப்புறம் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்து நடைபாதையில் நின்றேன்.

ஒருத்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "மேடம், எண்ணிப் பாத்தோம், நாப்பத்தேழுதான் இருக்கு. ஒண்ணு குறையுது."

"தெரியும்" என்றேன்.